தாளுக்கு வெளியே

அத்தியாயம் 11

"செத்தவருக்கு எத்தனை நாள் வாடகை கட்டறது?" என்று போன வாரம் கேட்டு, பக்கம் அமைக்கும் மென்பொருளின் சந்தாவை நிறுத்தச் சொன்னவள் மெய்யம்மாதான். அதனால் இன்று காலை கணினித் திரையின் உச்சியில் மஞ்சளாக ஒரு பட்டை வந்து, 'உங்கள் சந்தா இன்று மாலை ஆறு மணியுடன் முடிகிறது' என்று அறிவித்தபோது, பதறுவதற்கு அவளுக்கு வாய் இல்லை.

மெய்யம்மா என்பது அவள் பெயர் இல்லை. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கிறவள், அதாவது மெய்ப்புக்காரி. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப் போனால்கூட அச்சகத்தையே இரண்டாக்குவாள். அதற்காகக் கீழே இயந்திரக்காரர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரை அவளே மறந்து போகும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர் பக்கம் அமைக்கிறவர். எல்லோருக்கும் அவர் பக்கக்காரர். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இதே மாடி அறையில், இதே மேசையில் கவிழ்ந்து போய்விட்டார். காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை. "திடீர்னு போயிட்டார்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தத் 'திடீர்' ஒன்றைத்தான் மெய்யம்மா பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று நடப்பதை யார் தடுத்திருக்க முடியும்?

அறை அப்படியேதான் இருந்தது. கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது மாடித் தரை மெல்ல அதிரும். அப்போது சக்கரம் வைத்த அவருடைய நாற்காலி தானாக ஓர் அங்குலம் திரும்பும், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்புவது போல. முதல் மாதம் அதைப் பார்த்து மெய்யம்மா மாடிப்படியில் பாதி இறங்கி ஓடியிருக்கிறாள். இப்போது ஓடுவதில்லை. பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

இன்று அந்த நாற்காலியில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அச்சகத்தை நடத்துகிறவன்.

"அண்ணி, கவலைப்படாதீங்க. அண்ணன் அமைச்சு வச்ச நாற்பத்து மூணு புத்தகத்துல முப்பத்தெட்டை எந்த மென்பொருள்லேயும் திறக்கற மாதிரி மாத்திட்டேன். வாடகைக்காரன் கதவைச் சாத்தறதுக்குள்ள மிச்சமும் வெளியே வந்துடும்."

"அகராதி?"

"அதைத்தான் இப்போ திறக்கப் போறேன். நாளைக்குக் காலையில அச்சுத் தகடு எடுக்கணும்னு அகராதிக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்."

ஐந்நூற்றாறு பக்கம். பக்கக்காரர் கடைசியாகத் தொட்ட புத்தகம். அவர் போன மறுவாரமே மெய்யம்மா வீட்டாரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டாள்: அவர் வைத்த பக்கத்தில் இன்னொரு கை படக்கூடாது. "நல்ல வேளை அண்ணி, கடைசிப் பக்கம் வரைக்கும் அமைச்சு முடிச்சுட்டுத்தான் போயிருக்கார்" என்று கொழுந்தன் அன்று சொன்னான். அந்த வார்த்தை அவளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் மாதிரி இறங்கியது.

வாசலில் நாத்தனார் வந்து நின்றாள். கீழே புத்தகம் தைக்கிறவள். கையில் எந்நேரமும் ஊசி, நாக்கிலும் அதுவே. ஆகவே ஊசி என்றே ஆகிவிட்டாள்.

"ஏன்டா, இன்னும் அந்த ஓசியைத்தான் கட்டிக்கிட்டு அழறியா?"

"ஓசி இல்லைக்கா. இலவசம். ஊர் உலகத்துல இருக்கற நாலு நல்லவங்க சேர்ந்து எழுதிக் குடுத்தது."

"சும்மா குடுக்கறதை சும்மா குடுப்பாங்களா? பேசாம இன்னும் ஒரு வருஷம் வாடகையைக் கட்டித் தொலைங்க அண்ணி. அண்ணன் பதினாலு வருஷம் குடியிருந்த வீடு. பெட்டி படுக்கையோட ஒரே நாள்ல காலி பண்ணுன்னா எப்படி?"

"போன மாசம் நீதானே சொன்னே, வாடகையை நிறுத்தினா ஒரு தையல் இயந்திரம் வாங்கலாம்னு?" என்றாள் மெய்யம்மா.

"சொன்னேன். இப்போ வேணாங்கறேன்."

"ஏன்?"

"என்னவோ... மனசுக்குப் பிடிக்கலை" என்று ஊசி முந்தானையில் இல்லாத நூலைத் தட்டிவிட்டாள்.

முதலில் ஒரே தடவை விலை கொடுத்தால் போதும் என்ற வேறொரு மென்பொருளைப் பரீட்சைக்குப் போட்டுப் பார்த்தான் கொழுந்தன். அகராதி திறந்தது. திறந்ததும் மெய்யம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத்திலிருந்து கொம்பெல்லாம் கழன்று, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனித்தனியே நின்றது.

"ஐயோ, கொம்பு முறிஞ்ச மாட்டுச் சந்தை மாதிரி இருக்கே!"

"இவனுக்குத் தமிழ் வராது அண்ணி. இவன் வேணாம்" என்று மூடினான்.

அடுத்தது இலவசம். அதில் கொம்பு ஒட்டியது, கால் ஒட்டியது, புள்ளி தலையில் ஏறி உட்கார்ந்தது. ஆனால் வரிகள் சற்று அகன்று, கடைசிப் பெட்டியில் இடமில்லாமல் ஐந்து பக்க எழுத்து வழிந்து நின்றது. கொழுந்தன் எழுத்துக்களின் இடைவெளியை ஒரு நூலிழை குறைத்தான். வழிந்தது உள்ளே போயிற்று. ஐந்நூற்றாறு.

"பார்த்தீங்களா! ஓசின்னாங்க!" என்று நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான்.

மெய்யம்மா சிரிக்கவில்லை. அவள் திரையில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பக்கத்துக்கு வெளியே அது என்ன?"

திரையில் வெள்ளைத் தாள். தாளைச் சுற்றிச் சாம்பல் நிற வெளி. அந்த வெளியில், தாளின் ஓரத்தை ஒட்டி, பொடி எழுத்தில் ஏதோ கிடந்தது. ஒரு பக்கத்தில் இல்லை. பக்கத்துக்குப் பக்கம்.

"குப்பை அண்ணி. அமைக்கிறவங்க துண்டு துணுக்கு ஏதாவது வெளியே போட்டு வச்சுக்குவாங்க. அச்சுல வராது. அண்ணன் எப்பவும் வெளியை மறைச்சு வச்சுத்தான் வேலை பார்ப்பார். அதனால நம்ம கண்ணுல பட்டதில்லை. இவன் எல்லாத்தையும் திறந்து போட்டுக் காட்டறான். ஒரே தட்டுல துடைச்சுடலாம்."

"துடைச்சுடு" என்றாள் ஊசி, சட்டென்று.

"கையை எடு" என்றாள் மெய்யம்மா.

எண்பத்தெட்டாம் பக்கம். அந்தப் பக்கத்தின் மெய்ப்புத் தாளில் சிவப்பு மையால் தான் எழுதியது அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது: "'ஒட்டு' மட்டும் பக்கக் கடைசியில தனியா நிக்குது, பொருள் அடுத்த பக்கம் போயிடுச்சு. கண்ணு தெரியலையா?"

வெளியே கிடந்த பொடி எழுத்தை முதல் பார்வையில் படிக்க முடியவில்லை. கொம்பு ஒவ்வொன்றும் ஓர் எழுத்து முன்னால் குதித்து உட்கார்ந்திருந்தது. 'இறக்கறேன்' என்பது 'இறக்கேறன்' என்று கிடந்தது.

மெய்யம்மா திரைக்கு நெருங்கிக் குனிந்தாள். இது அவருடைய கைக்கே உரிய பிழை. பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கணினிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அவர் விரல் கொம்புக்குத்தான் முதலில் போகும். கணினி அதை முந்தின எழுத்தின் கழுத்தில் கட்டிவிடும்; 'உடனே' என்று அடித்தால் 'உடேன' என்று விழும். அகராதிக்காரர் தட்டித் தந்த எழுத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அவரே தட்டியதில்தான் அது இருக்கும். பிழையைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள் அவள். சொந்தப் புருஷனைச் சொல்லமாட்டாளா?

கொம்பையெல்லாம் மனசுக்குள் இடம் மாற்றிப் படித்தாள்.

"தெரியுது. ஒட்டுன்னு பேரு, ஒட்டாம நிக்குது. நம்ம ரெண்டு பேர் மாதிரி. நாளைக்கு இறக்கறேன்."

"அடுத்தது" என்று அவள் கையை மட்டும் காட்டினாள். கொழுந்தன் உருட்டினான்.

இருநூற்றுப் பதினான்கு. அவள் எழுதியது: "எத்தனை தடவை சொல்றது?" வெளியே: "இன்னும் ஒரு தடவை சொல்லு. சிவப்பு மை படாத பக்கத்தைப் பார்த்தா நீ ஊருக்குப் போன மாதிரி இருக்கு."

முந்நூற்று இரண்டு. அவள் எழுதியது: "வாயைத் திறந்து பதில் சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" வெளியே: "உதிர்ந்தா நீதான் பொறுக்கணும், குனிஞ்சா உனக்கு இடுப்பு வலிக்கும்."

கொழுந்தன் களுக்கென்று சிரித்துவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

இருபத்திரண்டு வருஷம். கேட்டால் பதில் கிடையாது. தட்டை வைத்தால் சாப்பிடுவார், தாளை வைத்தால் திருத்துவார். "கல்லோட குடித்தனம் பண்றேன்" என்று இதே ஊசியிடம் எத்தனை தடவை அழுதிருக்கிறாள். அந்தக் கல் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறது. தாள் முடிகிற இடத்துக்கு அப்பால் போய் நின்று, அச்சேறாத இடத்தில்.

"மனுஷா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி எழுதியிருக்கக் கூடாதா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுதான் கொழுந்தனைப் பயமுறுத்தியது.

"அண்ணி, ஒரு டீ சொல்லட்டுமா?"

"உருட்டு."

மத்தியானம் போனது தெரியவில்லை. ஊசி கீழே போகவில்லை. தைக்க வேண்டிய கட்டு காத்திருந்தும், வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை "போதும் அண்ணி, கண்ணு கெட்டுடும்" என்றாள். இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

நானூற்று முப்பதாம் பக்கத்தில் மெய்யம்மா "நிறுத்து" என்றாள்.

வகர வரிசை. 'விளக்கு'. அந்தச் சொல்லுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தது. இந்த மெய்ப்பைப் படித்த சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே, கை பழக்கத்தில், அவருக்கே எழுதினாள்: "விளக்குக்குக் கீழே ஏன் இவ்வளவு வெறுமையா விட்டிருக்கீங்க?"

தாளுக்கு வெளியே பதில் இருந்தது. கொம்புகள் இடம் மாறி.

"அணைச்சுட்டுப் போனவன்கிட்டே கேட்டா அவன் என்ன சொல்வான்? நீயே ஏத்திக்கோ."

கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. மெய்யம்மா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி. இந்தக் கேள்வி நான் ஏழு மாசத்துக்கு முன்னாடி எழுதினது."

"எது?"

"அவர் போனப்புறம் எழுதினது."

கொழுந்தனின் கை சுட்டியை விட்டு நழுவியது. "அண்ணி... எனக்குத் தெரியாது. நான் பிரிண்ட் போட்டுக் குடுத்ததோட சரி. சத்தியமா."

"பக்கம் முழுக்க முடிச்சுட்டுப் போனார்னு சொன்னியே?"

அவன் வாசல்படியைப் பார்த்தான். பார்த்தது ஒரு நொடிதான். மெய்ப்புக்காரிக்கு ஒரு நொடி போதும்.

"இங்கே பார்" என்றாள் கொழுந்தனிடம். "உடனேன்னு அடி. ஒரே ஒரு வார்த்தை."

அவன் அடித்தான். போனில் தட்டிப் பழகினவன். எழுத்து ஒழுங்காக விழுந்தது: உடனே.

"இப்போ நீ வா, ஊசி."

"எனக்கு எங்கே அண்ணி இதெல்லாம்? ஊசியில நூல் கோக்கச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கோக்கறேன்."

"வா."

ஊசி வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து ஒரு விரலால் 'உ' தட்டினாள். 'ட' தட்டினாள். அப்புறம் அந்த விரல், அவளைக் கேட்காமலே, கொம்பின் மேல் போய் நின்றது.

நின்றுவிட்டது. ஊசி விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"ரெண்டு பேரும் ஒரே தட்டச்சு வகுப்புக்குத்தான் போனோம்" என்றாள் மெல்ல. "ஒரே பொறி. அண்ணன் ஒரு மணி, நான் ஒரு மணி. கொம்பை முதல்ல அடிக்கலைன்னா வாத்தியாரம்மா ஸ்கேலால மணிக்கட்டுல போடும்."

"அப்போ கடைசிப் பக்கமெல்லாம் நீ வச்சதா?"

"நூத்திப் பதினஞ்சு பக்கம். விடியக்காலையில வந்து வைப்பேன். இன்னொரு கை படக்கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்படி விட்டா புத்தகம் எப்படி முடியும்? அதான் இவன்கிட்டே பொய் சொல்லச் சொன்னேன். இவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

"பதில்?"

"அது..." ஊசிக்கு முதல் தடவையாக நாக்கு மழுங்கியது. "நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க அண்ணி. செத்துப் போனார்னு தெரிஞ்சும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஒவ்வொரு மெய்ப்பிலேயும் செவப்பு மையில. என்னால பதில் போடாம அடுத்த பக்கம் போக முடியலை. நீங்க பார்க்கவே மாட்டீங்கன்னுதான் போட்டேன்."

அந்தக் கணத்தில் மெய்யம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வேறொரு பயம் வந்தது.

"அப்போ முன்னாடி இருக்கறது? ஒட்டு? ஊருக்குப் போன மாதிரி? அதெல்லாமும் நீயா?"

"ஐயோ, இல்லை அண்ணி. முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு வரைக்கும் அண்ணன்தான். அண்ணன் போட்டு வச்சிருந்ததைப் பார்த்துத்தான் நானும் போட்டேன்."

"எப்படி நம்பறது? அதே கொம்பு. அதே எழுத்து. அதே குத்தல்."

காலையிலிருந்து ஆறு மணி நேரம் ஒரு புருஷன் கிடைத்திருந்தான். இப்போது அவன் இருந்தானா, நாத்தனார் இரக்கப்பட்டு உண்டாக்கினாளா என்று தெரியவில்லை. கல் கல்லாகவே இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கொழுந்தன்தான் தொண்டையைச் செருமினான். "அண்ணன் தினம் ஒரு பிரதி எடுத்து வைப்பார் அண்ணி, தேதி போட்டு. அகராதிக்கு மட்டும் நாற்பத்தோரு பிரதி கிடக்கு. அவர் போறதுக்கு முந்தின தேதியில இருக்கற பிரதியைத் திறந்தா தெரிஞ்சுடுமே, எது யாரோடதுன்னு."

"திற."

"அதை மாத்தலை. பழசுதானேன்னு விட்டுட்டேன். வாடகைக்காரன்லதான் திறக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

"திறக்காதேடா" என்றாள் ஊசி.

"ஏன்க்கா? நீ சொல்றது நிஜம்னு நிரூபணம் ஆகப் போகுது. உனக்கு நல்லதுதானே?"

"திறக்காதேன்னா திறக்காதே."

மெய்யம்மா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "கடைசிப் பிரதியைத் திற, தம்பி. எண்பத்தெட்டாம் பக்கம். வெளியையும் காட்டு."

வாடகை மென்பொருள், கிழவன் எழுந்திருப்பது போல, நிதானமாகத் திறந்தது. மஞ்சள் பட்டை தலையில் அப்படியே இருந்தது. கொழுந்தன் ஒரு விசையைத் தட்டினான். தாளைச் சுற்றிச் சாம்பல் வெளி விரிந்தது.

இருந்தது. 'ஒட்டுன்னு பேரு, ஒட்டாம நிக்குது.' அவருடையதுதான். அவர் உயிரோடு இருந்த தேதியில், அவர் கையால். மெய்யம்மாவின் மூச்சு ஒரு தடவை முழுசாக வெளியே வந்தது.

ஆனால் அது அங்கே முடியவில்லை. காலையில் பார்த்த இடத்தில் இரண்டு வரிதான் இருந்தது. இங்கே அதற்குக் கீழே இன்னும் இருந்தது.

"ஊசி, நேத்தும் மாடிப்படியில மூச்சு முட்டுச்சு. டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில படுக்கச் சொல்றான். அவளுக்கு இப்போ தெரிய வேண்டாம். அகராதி முடியட்டும்."

அதற்கும் கீழே, வேறு நிறத்தில், ஒரே வார்த்தை.

"சரிண்ணே."

கீழே இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அறை காதடைத்த மாதிரி ஆயிற்று.

"திடீர்னு போயிட்டார்னு ஊரெல்லாம் சொன்னேன்" என்றாள் மெய்யம்மா. "நீ பக்கத்துல நின்னு தலையாட்டினே."

"அண்ணி..."

"இந்த வரியைப் புதுப் பிரதியில அழிச்சது நீதானே?"

ஊசி தலையை அசைத்தாள். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. அப்புறம் ஆமென்று.

"இன்னும் எத்தனை பக்கத்துல அழிச்சே?"

"ஞாபகம் இல்லை."

"பொய் சொல்றப்போ உனக்கு இடது கண்ணு சுருங்கும்."

கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான். "அண்ணி, நாற்பத்தோரு பிரதி. ஒண்ணைத் திறந்து மாத்தவே ஏழெட்டு நிமிஷம். இப்போ அஞ்சு அம்பத்தொண்ணு. ஒண்ணுக்கு மேல வராது."

மெய்யம்மா திரையின் உச்சியைப் பார்த்தாள். மஞ்சள் பட்டையின் மூலையில் சின்னதாக ஒரு பொத்தான்: புதுப்பி. போன வாரம் வரைக்கும் அவள் அந்தச் சொல்லை வெறுத்தாள்.

"இன்னும் ஒரு மாசத்துக்கு வாடகையைக் கட்டு, தம்பி."

"வேண்டாம் அண்ணி!" ஊசி பாய்ந்து வந்து சுட்டியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். காலையில் வாடகையைக் கட்டச் சொல்லிக் கெஞ்சினவள். "உங்க காலைப் பிடிச்சுக்கறேன். மூடிப் போகட்டும். இது மட்டும் போதும். அண்ணன் உங்களுக்குப் பதில் சொன்னார்னு தெரிஞ்சுக்கிட்டீங்க இல்லை? அதோட விட்டுடுங்க."

"ஏன்?"

"அதுல இருக்கற எல்லாம் உங்களுக்கு எழுதினது இல்லை."

"உனக்கு எழுதினதா?"

ஊசி சுட்டியை இன்னும் அழுத்திப் பிடித்தாள். "எனக்கு எழுதினது கொஞ்சம்தான்."

கொழுந்தன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மெய்யம்மா நாத்தனாரின் கையைப் பிடித்தாள். தைத்துத் தைத்துக் காய்த்துப் போன விரல்களை, ஒவ்வொன்றாக, நோகாமல், சுட்டியிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"கட்டு, தம்பி" என்றாள்.